மனுவும் மசோதாவும்

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாரம் பெரும்பாலும் மனுக்களால் ஆனது. விடிந்ததும் வீட்டு வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள்; பத்து மணிக்கு மேல் தொகுதி அலுவலகத்தில். கூட்டுப் பட்டாவில் தன் பங்கை உட்பிரிவு செய்து தர சர்வேயர் வரவில்லை என்பவர், மாதாமாதம் வந்துகொண்டிருந்த முதியோர் ஓய்வூதியம் காரணம் தெரியாமல் நின்றுபோன மூதாட்டி, சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை தவறிவிடுமோ என்று பதறும் தகப்பன், கொடுத்த புகாருக்குக் காவல் நிலையத்தில் ரசீதுகூடத் தரவில்லை என்று அழும் பெண். உறுப்பினர் கேட்டுக்கொள்கிறார், பி.ஏ. குறித்துக்கொள்கிறார், தாசில்தாருக்கு ஒரு போன் போகிறது, அல்லது லெட்டர் பேடில் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதப்படுகிறது. நடுவில் கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு, நியாயவிலைக் கடைத் திறப்பு, கோயில் கும்பாபிஷேகம். 2021 தேர்தலின்போது மாநிலத்தில் ஆறு கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள்; இருப்பவை 234 தொகுதிகள். சராசரியாக ஓர் உறுப்பினரின் பொறுப்பில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல். அவர்களில் நூற்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை அவரைத் தேடி வந்தாலும் அவருடைய நாட்கள் நிரம்பிவிடும்.

சட்டம் இயற்றும் வாரங்கள் இதோடு ஒப்பிட மிகக் குறைவு. இந்திய மாநிலச் சட்டமன்றங்கள் அண்மை ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு இருபது நாள் அளவில்தான் கூடியிருக்கின்றன. அவற்றில் நிறைவேறிய மசோதாக்களில் ஏறக்குறைய பாதி, அறிமுகமான அன்றோ மறுநாளோ நிறைவேறியவை. தமிழ்நாட்டின் நிதிநிலைக் கூட்டத்தொடரில் பெரும்பகுதி மானியக் கோரிக்கைகளுக்குப் போய்விடுகிறது. துறைதோறும் உறுப்பினர்கள் எழுந்து சில நிமிடங்கள் பேசுகிறார்கள். பேச்சின் சாரம் பெரும்பாலும் தொகுதியின் தேவைப் பட்டியல்தான்: ஒரு பாலம், ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், தரம் உயர்த்த வேண்டிய ஒரு பள்ளி. மசோதாக்கள் தொடரின் கடைசி நாட்களில் அடுக்கடுக்காக வந்து குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. பெரிய அறிவிப்புகள் பேரவை விதி 110இன் கீழ் வருகின்றன. அந்த விதியின் கீழ் படிக்கப்படும் அறிக்கையின் மீது விவாதம் கிடையாது. ஆக, வாசலில் மனு வாங்கும் மனிதரே அவையிலும் மனு கொடுப்பவராக நிற்கிறார். ஒரு வேறுபாடுதான்: அங்கே அவர் அமைச்சரிடம் கொடுக்கிறார்.

இந்த நிலையைக் கண்டு வருந்துகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் தீர்ப்பு ஒன்று உண்டு. சட்டமியற்றுவதே உறுப்பினரின் உண்மையான வேலை. மனு வாங்குவது அதைக் கெடுக்கும் இடைஞ்சல். சாக்கடையும் தெருவிளக்கும் உள்ளாட்சியின் பொறுப்பு. மக்களுக்கு இது புரியவில்லை. படித்தவர்களின் மேடைகளில் இது அடிக்கடி கேட்கிறது. நான் இதை ஏற்கவில்லை. மனு சட்டத்தின் எதிரி அல்ல, அதன் மூலப்பொருள். எந்தச் சட்டம் எங்கே பிசகுகிறது, எந்த விதி யாரை நசுக்குகிறது என்பதை ஒரு தொகுதி அலுவலகத்தின் காலை நேரம் அறிந்திருக்கிற அளவுக்குத் தலைமைச் செயலகத்தின் எந்தக் கோப்பும் அறியாது. நம்முடைய கோளாறு, உறுப்பினர் மனு வாங்குவதில் இல்லை. வாங்கிய மனு சட்டத்தை நோக்கி நகர ஒரு பாதைகூட இல்லாமல் நாம் வைத்திருப்பதில் இருக்கிறது.

அந்தப் பாதை இங்கே இருந்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921இல் இயங்கத் தொடங்கியது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை. உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் நியமனம் பெற்றவர்கள். அதிகாரத்தில் பாதி ஆளுநர் கையில். ஜனநாயகம் என்று அழைக்கவே கூசும் அமைப்பு. ஆனால் அதற்குள்தான் நியமன உறுப்பினரான இரட்டைமலை சீனிவாசன் 1924இல் ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற வைத்தார்: பொதுச் சாலைகள், தெருக்கள், கிணறுகள், குளங்கள், அரசு அலுவலகங்கள் எதிலும் எந்த வகுப்பினரும் நுழையத் தடையில்லை. எத்தனையோ ஊர்களிலிருந்து ஒடுக்கப்பட்டோர் பல பத்தாண்டுகளாக எழுதி அனுப்பிய தனித்தனி முறையீடுகள், இந்தத் தெரு, அந்தக் கிணறு என்றிருந்தவை, ஒரே வாக்கியமாகத் திரண்டு அரசாணையாயின. தீர்மானம் வந்ததும் கிணறுகள் திறந்துவிடவில்லை என்பது வேறு வரலாறு. அதனால்தான் தடுப்பவருக்குத் தண்டனை வேண்டும் என்று வீரையன் போன்ற உறுப்பினர்கள் மன்றத்தில் தொடர்ந்து வற்புறுத்தினார்கள், 1938இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த குடிமை இயலாமைகளை நீக்கும் மசோதா சட்டமானது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927 முதல் 1930 வரை அந்த மன்றத்தில் இருந்த காலத்தில் எழுப்பிய தேவதாசி முறை ஒழிப்புக் கோரிக்கை 1947இல் முழுச் சட்டமாகியது. இவர்கள் எவரும் அப்போது அமைச்சர்கள் அல்ல. தங்களிடம் வந்து சேர்ந்த துயரங்களைத் தனிநபர் உதவியாகக் கரைத்துவிடாமல், பொது விதியாக மாற்றக் கேட்ட சாதாரண உறுப்பினர்கள். முழு வாக்குரிமையும் முழு அதிகாரமும் பெற்ற இன்றைய மன்றத்தில் இப்படி ஓர் உறுப்பினரின் பெயரோடு நினைவுகூரத்தக்க சட்டம் எது என்று யோசித்தால் விடை எளிதில் வருவதில்லை.

மனு எப்படிச் சட்டமாகத் திரளவேண்டும் என்பதற்கு இரண்டு அண்மை எடுத்துக்காட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சென்னையைச் சுற்றியுள்ள பகுதிகளில் 1962 முதல் 'பெல்ட் ஏரியா' என்ற தடை இருந்தது. நகரை ஒட்டிய புறம்போக்கு நிலங்களில் குடியிருப்போருக்குப் பட்டா வழங்கக் கூடாது என்பது அதன் உள்ளடக்கம். வீடு கட்டி, வரி செலுத்தி, மின் இணைப்பு பெற்று, பேரன் பேத்தி எடுத்த குடும்பங்கள் பட்டா இல்லாமல் அறுபது ஆண்டுகள் கழித்தன. அந்த வட்டாரங்களில் வென்ற ஒவ்வோர் உறுப்பினரிடமும் பட்டா கேட்டு மனு வந்திருக்கும், கடிதங்கள் போயிருக்கும். ஒரு கடிதத்தாலும் அந்தத் தடையைத் தாண்ட முடியாது. ஏனென்றால் சிக்கல் தாசில்தாரின் மனத்தில் இல்லை, விதியில் இருந்தது. 2025 பிப்ரவரியில் மாநில அமைச்சரவை, பெல்ட் ஏரியாவிலும் பிற நகரங்களிலுமாகச் சுமார் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா வழங்க ஒருமுறைச் சலுகையாக முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் அறுபது ஆண்டு மனுக்கள் எங்கேயாவது ஒன்றாக எண்ணப்பட்டு, வகைப்படுத்தப்பட்டு, அவையின் முன் வைக்கப்பட்டிருந்தால் ஒரு தலைமுறை முன்னதாகவே இது நடந்திருக்காதா?

மற்றொன்று ஜவுளிக்கடைப் பெண்களின் கதை. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்க்க வேண்டும், வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் கொண்டு வீடு திரும்பும் இந்தப் பெண்களின் குறைக்கு எந்த எம்.எல்.ஏ. எந்த அதிகாரிக்குக் கடிதம் எழுத முடியும்? மீறப்பட்ட விதி என்று எதுவுமே இல்லை. விதியே இல்லாததுதான் குறை. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' அமைப்பைச் சேர்ந்த கடைப் பெண்கள் இதைப் போராட்டமாக்கினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை தரவேண்டும் என்று ஆக்கியது. சிறிய சட்டம், சில வரிகள். ஆனால் திருநெல்வேலியிலிருந்து தியாகராய நகர் வரை அறிமுகமே இல்லாத லட்சக்கணக்கான கால்களுக்கு, பரிந்துரை எதுவும் கேட்காமல், அது பொருந்துகிறது. பரிந்துரைக் கடிதத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். கடிதம் வரிசையில் நிற்கும் ஒருவரை முன்னுக்குத் தள்ளுகிறது. அந்த அளவுக்கு வேறொருவர் பின்னுக்குப் போகிறார். சட்டம் வரிசையையே குறைக்கிறது.

பாதை இல்லாததன் விலையை 2023 ஏப்ரல் 21 வெளிச்சம் போட்டுக் காட்டியது. கூட்டத்தொடரின் இறுதி நாளான அன்று தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா, தொழிற்சாலைகளில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணிவரை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில், ஏப்ரல் 24 அன்று, தொழிற்சங்கங்களோடு பேசிய பிறகு அரசு அதை நிறுத்திவைத்தது; மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அரசு பின்வாங்கியதைப் பலர் பாராட்டினார்கள். நானும் அதைக் குறையாகக் கருதவில்லை. கேள்வி வேறு. ஸ்ரீபெரும்புதூர், அம்பத்தூர், ஓசூர், திருப்பூர் பகுதி உறுப்பினர்களுக்குத் தொழிலாளர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியாதா? ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் பேருந்து நேரம் முதல் கர்ப்பிணிகளின் நிலைமை வரை அவர்கள் அறிந்திருப்பார்கள். அந்த அறிவு மசோதாவுக்குள் நுழைய ஒரு குழு இல்லை, ஒரு விசாரணை இல்லை, ஒரு வாரம்கூட இல்லை. அதனால் மன்றம் செய்யவேண்டிய திருத்தத்தைத் தெரு செய்தது. தெருவுக்குச் சங்கமும் குரலும் உள்ளவர்கள்தான் வரமுடியும். சங்கமில்லாதவர்களைப் பாதிக்கும் மசோதா அதே வேகத்தில் நிறைவேறும்போது அதைத் திரும்பப் பெற வைக்க யாரும் இல்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு ஏழை மக்களின் பக்கத்திலிருந்து வருவது. ஆகவே அதற்குப் பதில் சொல்லும் கடமை பெரிது. ஓய்வூதியம் நின்றுபோன மூதாட்டிக்கு விதித் திருத்தம் வேண்டாம், இந்த மாதப் பணம் வேண்டும். அலுவலகப் படியேறினால் உட்காரக்கூடச் சொல்லாத அதிகாரியிடம் அவருக்காகப் பேச ஒருவர் வேண்டும். அந்த ஒருவரையும் கோட்டைக்கு அனுப்பிவிட்டால் அவருக்கு மிச்சமிருப்பது தரகர் மட்டுமே. இது முழுக்க உண்மை. ஆகவேதான் உறுப்பினர் மனு வாங்குவதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மூதாட்டிக்குப் பேச ஆள் தேவைப்படுவதே ஏன் என்பதையும் கேட்க வேண்டும். மத்தியப் பிரதேசம் 2010இல் பொதுச் சேவை உறுதிச் சட்டம் கொண்டுவந்தது. பீகார், கர்நாடகம், கேரளம் என்று மாநிலங்கள் தொடர்ந்தன. இன்ன சான்றிதழ் இத்தனை நாளில் தரப்பட வேண்டும், தவறினால் பொறுப்பான அலுவலருக்கு அபராதம் என்பது அச்சட்டங்களின் எலும்பு. அவை எல்லா இடத்திலும் நன்றாக நடக்கின்றன என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும், நிர்வாகத் திறனுக்குப் பெயர்பெற்ற தமிழ்நாடு அதற்குப் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் அப்படியொரு சட்டம் இல்லாமலே கழித்தது. மாறாக நமக்குக் கிடைத்தவை முகாம்கள்: கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள், 2023இல் மக்களுடன் முதல்வர், 2025இல் உங்களுடன் ஸ்டாலின். முகாமில் கொடுப்பது மனு. அதற்கு வருவது பதில். சட்டம் கொடுப்பது கேட்டுப்பெறும் உரிமை. காலக்கெடு உரிமையாகிவிட்டால் மனு வாங்கும் கைகளுக்கு இருக்கும் செல்வாக்கு குறையும் என்பதுதான் இந்தத் தயக்கத்தின் காரணம் என்று நினைக்கிறேன். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தத் தயக்கம் மாறியதில்லை.

தொகுதி மேம்பாட்டு நிதியும் இதே மனப்போக்கின் பிள்ளை. தமிழ்நாட்டில் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு ரூபாய் 3 கோடி. இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இல் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கான இத்தகைய நிதிகளை ஒழித்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது; உச்ச நீதிமன்றம் 2010இல் நாடாளுமன்ற உறுப்பினர் நிதி அரசமைப்புக்கு முரணானதல்ல என்றது. சட்டப்படி தவறில்லை என்பதால் அது நல்லதாகிவிடாது. நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வேண்டியவர் நிர்வாகத்தின் ஒரு சிறு கிளையாகிவிடுகிறார். அந்தக் கிளை கட்டிய நிழற்குடையில் அவர் பெயர் எழுதப்படுகிறது.

இரண்டாவது மறுப்பே வலுவானது. உறுப்பினர்கள் சட்டமியற்றாமலே தமிழ்நாடு முன்னேறவில்லையா? மதிய உணவு, பொது விநியோகம், மருத்துவக் கட்டமைப்பு, பெண் கல்வி எல்லாம் வலிமையான முதலமைச்சர்களும் திறமையான அதிகாரிகளும் அரசாணைகள் வழியாகச் செய்தவை. நீண்ட விவாதம் நடத்தும் மன்றங்களைக் கொண்ட மாநிலங்கள் இவ்வளவு செய்யவில்லையே? இந்தச் சாதனைகளை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். பல தலைமுறைகளின் உடலும் எழுத்தறிவும் அவற்றுக்குச் சான்று. ஆனால் அந்தக் காலத்தின் தேவை இல்லாததைக் கொடுப்பது: சோறு, பள்ளி, மருத்துவமனை. மேலிருந்து கீழே கொடுக்கும் பணிக்கு வேகமான கை போதும். இப்போது பெருகிவருவது வேறு வகைச் சிக்கல். நிலத்துக்கும் தொழிலுக்கும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிறுவனத்துக்கும், நகரத்துக்கும் ஏரிக்கும் இடையிலான மோதல்கள். ஒருவருக்குக் கொடுப்பது இன்னொருவரிடமிருந்து எடுப்பதாக இருக்கும் இடத்தில் வேகம் மட்டும் போதாது. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா 2023இல், அதே ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. நீர்நிலைகள் உள்ள நிலத்தையும் பெருந்திட்டங்களுக்குக் கைமாற்ற வழி திறக்கும் அந்தச் சட்டத்தைக் குறித்து விவசாயிகளும் சூழலியல் ஆர்வலர்களும் கேள்வி எழுப்பத் தொடங்கியபோது அது அவையைக் கடந்துவிட்டிருந்தது. ஏரிக்கரைக் கிராமத்தின் பாசன முறையை அறிந்த உறுப்பினரின் நாவு அங்கே தேவைப்பட்டது.

உறுப்பினருக்கு நாவு இருந்தாலும் கட்சி அனுமதிக்க வேண்டுமே என்பது மூன்றாவது மறுப்பு. மக்கள் சின்னத்துக்குத்தான் வாக்களிக்கிறார்கள், ஆளுக்கு அல்ல. உறுப்பினருக்கு விடுதலை கொடுத்தால் கட்சி தாவல் பெருகும். 1967க்குப் பிறகு வட மாநிலங்களில் நடந்ததை மறக்கக் கூடாது. 1985இல் பத்தாவது அட்டவணை அதனால்தான் வந்தது. ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்குக்கு இந்தக் கட்டுப்பாடு நியாயம். ஆனால் ஒரு ஏரியைப் பற்றிய உட்பிரிவில் திருத்தம் கேட்பதற்கும் ஆட்சியை விற்பதற்கும் வேறுபாடு இல்லையா? கிஹோட்டோ ஹோலோஹன் வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் இந்த அட்டவணையை ஏற்றுக்கொண்டபோதே, கொறடா ஆணை நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கை சார்ந்தவற்றுக்கும் உரியதாக அடங்க வேண்டும் என்ற திசையில் பேசியது. நடைமுறையில் அது அடங்கவில்லை. அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவும் தேய்ந்துவிட்ட கருவிதான். நாடாளுமன்றத்தில் இதுவரை பதினான்கு மட்டுமே சட்டமாகியிருக்கின்றன, கடைசியானது 1970இல். ஆனால் தேய்ந்த கருவியும் வேலை செய்யும் என்பதற்கு உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா சான்று. 2015 ஏப்ரலில் மாநிலங்களவை அதை ஏற்றது. சட்டமாகாவிட்டாலும் அது ஒன்றிய அரசைத் தன் மசோதாவைக் கொண்டுவர நெருக்கியது. 2019இல் வந்த அரசின் சட்டம் சான்றிதழுக்காக மாவட்ட ஆட்சியரை நாடச் செய்ததைத் திருநர் சமூகமே எதிர்த்தது. உறுப்பினர் கேட்டதற்கும் அரசு கொடுத்ததற்கும் உள்ள அந்த இடைவெளியே உறுப்பினர் மசோதாவின் மதிப்பைச் சொல்கிறது.

குழுவுக்குள் கட்சிக் கட்டுப்பாட்டின் பிடி தளரும் என்பது நாடாளுமன்ற நிலைக்குழுக்களின் அனுபவம். அங்கே கொறடா இல்லை, கேமரா இல்லை. கேரளம் 1980 முதல் துறைவாரிப் பொருட்குழுக்களை நடத்திவருகிறது. மசோதாக்கள் அவற்றின் வழியே போகின்றன. அமைச்சரே குழுத் தலைவர் என்பது அதன் குறை. அவசரச் சட்டங்களைத் திரும்பத் திரும்பப் பிறப்பித்த பழக்கமும் அங்கே உண்டு. குறையோடு இருந்தாலும், ஒரு கயிறு தொழிலாளியின் முறையீட்டை மசோதாவின் உட்பிரிவோடு சேர்த்துப் பேச அங்கே ஒரு மேசை இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேரவையில் மனுக்கள் குழு என்ற ஒன்று ஏற்கெனவே உள்ளது. மாவட்டங்களுக்குச் செல்கிறது, அதிகாரிகளை விசாரிக்கிறது. அந்தக் குழு ஒவ்வோர் ஆண்டும் 234 அலுவலகங்களிலிருந்து மனுக்களின் வகைப்பாட்டைக் கேட்டு வாங்கி, எந்த மனு எந்த விதியால் பிறக்கிறது என்று அறிக்கை வைக்குமானால், பெல்ட் ஏரியா போன்ற ஒன்று அறுபது ஆண்டு மறைந்திருக்க முடியாது. உறுப்பினருக்கு இதற்கு ஓர் ஆய்வு உதவியாளர் வேண்டும். இன்று அவரிடம் இருப்பது நிகழ்ச்சிகளையும் கடிதங்களையும் கவனிக்கும் பி.ஏ. மட்டும். அவை கூட நாட்களும் வேண்டும். அரசமைப்பு மறுஆய்வு ஆணையம் 2002இல் பெரிய மாநிலங்களுக்குக் குறைந்தது 90 நாள் என்றது. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. 100 நாள் என்றது, இரண்டும் எட்டப்படவில்லை. மசோதாக்களைக் குழுவுக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கவும், அறிமுகத்துக்கும் வாக்கெடுப்புக்கும் இடையே குறைந்தபட்ச நாட்களை வைக்கவும் அரசமைப்புத் திருத்தம் எதுவும் தேவையில்லை. 208ஆம் பிரிவின்படி பேரவை தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆளுநரின் ஒப்புதலோ ஒன்றிய அரசின் அனுமதியோ அதற்குக் குறுக்கே வருவதில்லை.